பெயர் ஒன்று, மருந்து வேறு

‘.38 ஸ்பெஷல்’ என்னும் தோட்டாவின் பெயரில் உள்ள 38 அதன் குண்டை அளக்கவில்லை. குண்டின் குறுக்களவு 0.357 அங்குலம். ‘.357 மேக்னம்’ தோட்டாவில் இருப்பதும் அதே 0.357 அங்குலக் குண்டுதான். ‘.44 மேக்னம்’ குண்டின் அளவும் 0.44 அன்று, 0.429. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ரிவால்வர் தோட்டாக்களில் கூடும் ஈயக்குண்டும் வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரே பருமன் கொண்டிருந்தன. குண்டின் அடிப்பகுதி மட்டும் சற்றுச் சிறுத்துக் கூட்டுக்குள் செருகப்பட்டிருந்தது. பின்னர்க் குண்டு முழுவதும் கூட்டின் உட்புற அளவுக்கு இளைத்து உள்ளே இறங்கிவிட்டது. பெயர் வெளியிலேயே நின்றுவிட்டது. மொழியியல் மாணவர்களுக்கு இதில் வியப்பில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காய் எண்ணெயில் எள் எங்கே என்று எவரும் வழக்காடுவதில்லை. தோட்டாவின் பெயரில் இத்தகைய பெருந்தன்மை காட்டினால் விரல்கள் போகும்.

பேச்சு அமெரிக்காவின் காடுகளைப் பற்றியது. ஐடஹோ, மொன்டானா, வயோமிங், அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் மீன்பிடிக்கவும் மலையேறவும் எல்க் மான் வேட்டைக்கும் செல்வோரில் பலர் இடுப்பிலோ மார்பிலோ ஒரு ரிவால்வரைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பழுப்புக் கரடி, கருங்கரடி, சில இடங்களில் மூஸ் மான் ஆகியவையே அவர்கள் அஞ்சும் விலங்குகள். அந்த ரிவால்வரில் எத்தகைய தோட்டாவை இடுவது என்பது அங்கே ஒரு நூற்றாண்டாக ஓயாத வாதம். அவ்வாதத்தின் நடுவில் நிற்பவர் கைநிரப்பாளர்: சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, பழைய அளவுக்கு நெருக்கி, புதிய எரியூட்டியைப் பொருத்தி, மருந்தை நிறுத்து ஊற்றி, தாம் தேர்ந்த குண்டைச் செருகித் தோட்டாவைத் தம் மேசையிலேயே செய்துகொள்பவர். இந்தியாவில் இது பெரும்பாலும் ஏட்டளவிலான செய்தி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்ய இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழையவும் இயலாது. தேன்கரடி திரியும் காட்டில் களப்பணி செய்யும் இந்திய ஆய்வாளர் வெறுங்கையோடுதான் போகிறார். இருப்பினும் ஒரு சமூகம் தன் கருவிகளுக்கு எப்படிப் பெயரிடுகிறது, அப்பெயர்களை எவ்வளவு நம்புகிறது என்று பார்ப்பவர்களுக்கு இவ்வாதம் பயனுடையது.

மருந்து என்ற சொல்லே முதலில் நிறுத்திப் பார்க்கத்தக்கது. நோய்க்குக் கொடுப்பதையும் துப்பாக்கியில் கெட்டிப்பதையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. நாட்டுத் துப்பாக்கி பிடித்த கிராமத்தார் இன்றும் மருந்து என்றே சொல்வர். இரண்டிலும் அளவுதான் உயிர் என்பதால், இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறொரு மொழியில் கிடைப்பது அரிது.

1935இல் .357 மேக்னம் வந்தபோது அதைச் செய்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. .38 ஸ்பெஷலின் உள்ளழுத்தத்துக்கு இன்றைய தொழில்வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. குண்டின் பருமன் ஒன்று, கூட்டின் பருமன் ஒன்று. புதிய தோட்டா பழைய மெல்லிய ரிவால்வருக்குள் நுழைந்தால் உருளை பிளந்துவிடும். பெயரை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. கூட்டை அங்குலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீளமாக்கினார்கள். பழைய ரிவால்வரின் அறைக்குள் அது முழுவதும் இறங்காது. உருளையை மூடவே முடியாது. எழுத்தறியாதவனுக்கும் இருளில் தடவிப் பார்ப்பவனுக்கும் அந்த எட்டில் ஒரு பங்கு அங்குலம் ‘இங்கே வேண்டாம்’ என்று சொல்லிவிடும். மறுதலையாக .38 தோட்டா .357 ரிவால்வருக்குள் தீங்கின்றிப் போகும். சொல்லை நம்பாமல் வடிவத்தை நம்பிய இந்த ஏற்பாடு, துப்பாக்கித் தொழிலின் அறிவார்ந்த முடிவுகளுள் ஒன்று. ‘மேக்னம்’ என்ற சொல்லோ ஷாம்பெயின் பெரும்புட்டியிலிருந்து வணிகர்கள் இரவல் வாங்கியது. அது எதையும் அளப்பதில்லை, தடுப்பதுமில்லை.

.44இன் கதையும் இவ்வழியே நடந்தது. ஐடஹோவின் சால்மன் பகுதியில் கால்நடைப் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத், .45இன் உருளைச் சுவர் மெல்லியது என்று பட்டறிந்தபின் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். அதில் 250 கிரெயின் எடையுள்ள, தட்டையான மூக்குடைய, தாம் வடிவமைத்த ஈயக்குண்டை நொடிக்கு 1,200 அடி வேகத்தில் செலுத்தி ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தினார். இதைத் தொழிற்சாலையே செய்து தரவேண்டும் என்று இடைவிடாமல் எழுதினார். 1955–56இல் .44 மேக்னம் வந்தது. அதிலும் கூடு நீண்டிருந்தது. வேகமோ கீத் கேட்டதைத் தாண்டிப் போயிருந்தது. கேட்டவர் கேட்ட அளவை விற்பவர் மிஞ்சுவது இத்துறையில் தொடர்ந்து நடப்பதுதான். இன்று கைநிரப்பாளருள் அனுபவமுள்ளவர்கள் பலர், .44 மேக்னம் கூட்டிலேயே கீத்தின் பழைய 1,200 அடிக்கு இறங்கி வந்து நிற்கிறார்கள். கைக்கு அடங்குவதும், இரண்டாம் முறை குறிபார்க்க நேரம் விடுவதும் அதுவே என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்வொழுங்கு உடையும் இடம் .45 கோல்ட். 1873இல் பிறந்த தோட்டா அது; அதன் இன்றைய அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. அதே தோட்டாவை ஏற்கும் ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த புதிய ரிவால்வர்கள் அதைப்போல் இருமடங்கு அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே நிரப்பு நூல்கள் சில .45 கோல்ட்டுக்கு இரண்டு அட்டவணைகள் தருகின்றன: ஒன்று எல்லா ரிவால்வர்களுக்கும், மற்றொன்று தடித்தவற்றுக்கு மட்டும். கரடிக்காட்டுக்குப் போகிறவர் இரண்டாவதை நாடுவது இயல்பு. ஆனால் கூடு அதேதான். நீளம் அதே, பருமன் அதே, அடியில் பொறித்த பெயரும் அதே. இரண்டாம் அட்டவணைப்படி நிரப்பிய தோட்டா, பாட்டனார் விட்டுச்சென்ற 1880களின் கோல்ட் ரிவால்வருக்குள் எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். சுடும் கணம் வரை எதுவும் எச்சரிக்காது.

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு: பெட்டியின்மேல் எழுதியிருக்கிறது, படிக்காதவன் பிழை. இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. தோட்டா பெட்டியில் வாழ்வதில்லை. அது இடுப்புவாரின் வளையங்களுக்குப் போகிறது, மழைச்சட்டையின் பைக்குப் போகிறது, காட்டுக் குடிலின் பலகைமேல் ஆறேழாகச் சிதறிக் கிடக்கிறது. அடுத்த பருவத்தில் அங்கே வரும் மைத்துனன் அதை எடுப்பான். குறியையும் குறிக்கப்படும் பொருளையும் இணைப்பது வழக்கம் மட்டுமே என்று மொழியியல் முதல் வகுப்பில் சொல்லித் தருகிறது. அவ்வழக்கம் அட்டைப்பெட்டி ஒன்றில் தங்கியிருக்கும்போது, பெட்டி தொலைந்த அன்றே குறி ஊமையாகிவிடுகிறது. டிக் கசல் இதை உணர்ந்திருந்தார். 1950களின் இறுதியில் .45 கோல்ட்டைப் பேரழுத்தத்துக்கு உயர்த்த விரும்பியபோது கூட்டை ஏறத்தாழ அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீட்டி .454 கசல் என்று வேறு பெயரும் கொடுத்தார். அவ்வழி திறந்திருக்கும்போது பழைய கூட்டுக்குள்ளேயே புதிய அழுத்தத்தை ஒளித்துவைப்பவர்கள், கூடுதலாக ஒரு ரிவால்வர் வாங்கும் செலவை மிச்சம் பிடிப்பதற்காகப் பிறர் கையைப் பணயம் வைக்கிறார்கள். கடுமையாகத் தோன்றினும் இதை மெல்லச் சொல்ல வழியில்லை.

பெயர்களுக்கு அடுத்து எண்கள். ‘தடுத்து நிறுத்தும் ஆற்றல்’ என்ற தொடர் அமெரிக்கத் துப்பாக்கி உரையாடலில் ஓர் அளவைப்போல் புழங்குகிறது. இயற்பியலில் அப்படியோர் அளவு துப்பாக்கிக் குண்டுக்கு இல்லை. இருந்தும் அதற்கு வாய்பாடுகள் உண்டு. அவற்றுள் பெரிதும் மேற்கோளாவது ஆப்பிரிக்க வேட்டைக்காரர் ஜான் டெய்லர் 1948இல் வெளியிட்ட நூலில் தந்தது: குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை அடியிலும் குறுக்களவை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 7,000ஆல் வகுக்கவேண்டும். யானையின் தலையில் படும் குண்டு மூளையைத் தவறவிட்டாலும் எவ்வளவு அதிர்ச்சி தரும் என்று பெருந்துப்பாக்கிகளைத் தம்முள் ஒப்பிட அவர் செய்த ஏற்பாடு அது. கீத்தின் .44 குண்டுக்கு இவ்வாய்பாடு 18 என்ற மதிப்பைத் தருகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்துக்கு இதே வாய்பாட்டை இட்டுப் பார்க்கலாம். எடை ஏறத்தாழ 2,450 கிரெயின், வேகம் நொடிக்கு 128 அடிக்குச் சற்றுக் குறைவு, குறுக்களவு 2.83 அங்குலம். விடை 126. ரிவால்வர் குண்டைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு! கரடிக்காட்டுக்கு வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை அழைத்துப்போவதே உத்தமம் என்றாகிறது. டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை. தம் பயனெல்லையை விட்டு வெளியே இழுத்துவரப்பட்ட எண் இப்படித்தான் பேசும்.

‘அடித்து வீழ்த்தும்’ என்ற சொல்லும் அத்தகையதே. 250 கிரெயின் என்பது 16 கிராமுக்குச் சற்று மேல். நொடிக்கு 366 மீட்டர் வேகத்தில் போகும் அந்தக் குண்டின் உந்தம் முழுவதையும் 200 கிலோ கரடி ஒன்று வாங்கிக்கொண்டாலும், அதன் உடல் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். அவ்வளவே. ஓடிவரும் கரடியை எந்தக் கைத்துப்பாக்கியும் தள்ளி நிறுத்துவதில்லை. மூளையையோ முதுகுத்தண்டையோ குண்டு சென்றடைந்தால் கரடி அங்கேயே விழுகிறது; இல்லையேல் குருதி இழந்து விழுகிறது, அதற்கு நேரம் பிடிக்கும்; அல்லது அச்சமும் வலியும் ஓசையும் அதைத் திருப்பிவிடுகின்றன. முதல் வகை நிகழத் தடித்த எலும்பையும் தசையையும் கடந்து குண்டு நேராக ஊடுருவவேண்டும். ஆகவே காட்டுக்கான தேர்வில் அனுபவமுள்ளோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: எடை மிகுந்த, தட்டை மூக்குடைய, கடினமாக வார்த்த, விரியாத ஈயக்குண்டு, மிதமான வேகம்.

நகரத்துத் தேர்வு இதற்கு நேர் எதிர். அங்கே குண்டு உடலுக்குள் விரிந்து நின்றுவிடவேண்டும். ஊடுருவி அப்பால் நிற்பவரைத் தாக்கக்கூடாது. விரியும் குண்டின் வரலாற்றில் இந்தியாவின் பெயர் அழியாமல் பதிந்துள்ளது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களின் நடுவில் .303 துப்பாக்கிக்கு மூக்குத்திறந்த குண்டைச் செய்தார்கள். சித்ரால் படையெடுப்பில் பழைய குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்ற முறையீடே அதற்குக் காரணம். 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. ஓர் ஊர்ப்பெயர் உலக மொழிகள் பலவற்றில் பொதுப்பெயராகிவிட்டது. இன்று அவ்வூரில் இறங்கும் விமானப் பயணிகளில் எத்தனை பேருக்கு அது நினைவில் இருக்கும்? ‘நிறுத்தும் ஆற்றல்’ என்ற சொல்லின் வேர்களுள் ஒன்று இந்தக் காலனியப் போர்முனையில் இருக்கிறது. மனித உடலை முன்வைத்துப் பிறந்த சொல்லைக் கரடியின் மண்டையோட்டுக்கு மாற்றிப் பொருத்தியதால்தான் இத்தனை குழப்பம்.

இங்கே கைநிரப்பாளரின் உண்மையான பணி தெளிவாகிறது. வெளியே இருப்பவர்கள் அவரைப் பேராற்றல் தேடுபவராக எண்ணுகிறார்கள். சில கைநிரப்பாளர்களே தம்மை அப்படி எண்ணிக்கொள்கிறார்கள். காட்டில் உயிரைக் காப்பது அவர் சேர்க்கும் வேகம் எனக் கொள்வதற்கில்லை. எரியூட்டி கூட்டின் அடிப்பரப்பைவிட மயிரிழை துருத்தியிருந்தாலும் உருளை சுழலாது. குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் விளிம்பை உள்நோக்கி மடித்து இறுக்கவேண்டும். இறுக்கம் போதாவிட்டால், முதல் தோட்டா வெடிக்கும்போது ரிவால்வர் பின்னோக்கி உதைக்க, உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்க முயன்று, கூட்டிலிருந்து முன்னே நழுவும். ஒன்று உருளைக்கு வெளியே தலைநீட்டினால் போதும், ரிவால்வர் பூட்டிக்கொள்ளும். கனத்த குண்டும் பலத்த மருந்தும் சேரும்போது இந்த நழுவல் கூடும் என்பதே முரண்: பேராற்றலைத் தேடியவனின் துப்பாக்கிதான் இரண்டாம் முறை சுடாமல் போக மிகுதியும் வாய்ப்புள்ளது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். கரும்புகை மருந்துக்காக 1870களில் வகுத்த கூடுகள் பெரியவை. இன்றைய புகையற்ற மருந்தில் சிறிதளவே போதும். கூட்டின் அடியில் கொஞ்சம் கிடக்கும். அதன்மேல் கவனக்குறைவால் இன்னொரு முறை ஊற்றினாலும் நிரம்பி வழியாது, கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே கவனமுள்ளவர்கள் கூட்டைப் பாதிக்குமேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தேர்கிறார்கள். இருமுறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். குண்டைச் செருகுமுன் ஐம்பது கூடுகளையும் ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார்கள். அளவுகளை வெளியான நிரப்பு நூலிலிருந்தே எடுப்பார்கள். நண்பர் சொன்னார் என்று எடுப்பதில்லை. முடிந்தபின் காட்டுக்குப் போகவிருக்கும் ஒவ்வொரு தோட்டாவையும் தம் ரிவால்வரின் உருளையிலேயே இட்டுச் சுழற்றிப் பார்ப்பார்கள். வேகம் காட்டும் கருவியைவிட இந்த விளக்கும் இந்தச் சுழற்றலும் பயன்மிக்கவை.

இத்தனை உழைப்பும் கரடி முன்னே எவ்வளவு உதவும்? டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் அலாஸ்கா நிகழ்வுகளைத் தொகுத்து வெளியிட்ட இரு ஆய்வுகள் இதில் அடிக்கடி மோதவிடப்படுகின்றன. 2008இல் வந்தது மிளகாய்த் தெளிப்பானைப் பற்றியது: பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு நிகழ்வுகளில் அது வேண்டாத நடத்தையை நிறுத்தியது. 2012இல் வந்தது துப்பாக்கி பற்றியது: 1883 முதல் 2009 வரையிலான 269 நிகழ்வுகள், கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீள்துப்பாக்கி 76 விழுக்காடும் கரடியை நிறுத்தின. 92 பெரிதா, 84 பெரிதா என்று வழக்காடுவோர் ‘வெற்றி’ என்ற சொல் இரண்டிடத்திலும் ஒன்றையே குறிக்கிறதா எனக் கேட்பதில்லை. தெளிப்பான் ஆய்வில் ஆர்வத்தால் நெருங்கிய கரடிகளும் உணவு தேடி வந்தவையும் அடங்கும். இரு தொகுப்புகளும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவை அல்ல. கவனிக்கவேண்டியது இரண்டாம் ஆய்வின் வேறொரு முடிவு: துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எடுக்க நேரமின்மை, பூட்டிக்கொண்ட துப்பாக்கி, குறி தவறியது, அருகில் நிற்கும் தோழர்மேல் பட்டுவிடுமோ என்ற தயக்கம் ஆகியவையெல்லாம் அந்நிகழ்வுகளில் உண்டு. இவற்றில் எதையும் குண்டின் வேகம் தீர்க்காது. எடுத்துச் சுட்டுப் பழகிய கையும் தடங்கலின்றிச் சுழலும் உருளையும் சிலவற்றைத் தீர்க்கும். சத்தமிட்டு நடப்பதும் இறைச்சியைக் கூடாரத்துக்கு அப்பால் மரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் இன்னும் பலவற்றைத் தீர்க்கும்.

மீண்டும் பெயருக்கு. கைநிரப்புத் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பது கூட்டைச் செய்த தொழிற்சாலையின் பெயர். உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றி அது ஒன்றும் அறியாது. பத்து முறை நிரப்பிச் சுட்ட கூட்டிலும் அதே முத்திரைதான். எனவே பெட்டிக்குள் ஒட்டும் சீட்டில் குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், எரியூட்டி, நிரப்பிய தேதி, எந்த ரிவால்வருக்கு மட்டும் என்பவை எழுதப்படுகின்றன. இரண்டாம் அட்டவணைத் தோட்டாக்களுக்குக் குண்டின் மூக்கிலும் கூட்டின் அடியிலும் சிவப்பு மையைத் தடவுவோர் உண்டு. பெட்டியை விட்டுப் பிரிந்த பின்னும் அந்தச் சிவப்பு கூடவே போகும். சட்டமாக்க இயலாத இவ்வழக்கத்தை நிரப்பு நூல்களாவது தம் இரண்டாம் அட்டவணையின் முதல் வரியாக எழுதவேண்டும்.

கைநிரப்பாளர் ஒருவர் இறந்தபின் காப்பித் தகரங்களில் தோட்டாக்கள் மிஞ்சுவது அங்கே வழக்கமான காட்சி. மனைவியோ மகனோ அவற்றைத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டு போவார்கள். முத்திரை தெளிவாக இருக்கும், பித்தளை பளபளக்கும். சீட்டு இல்லையென்றால் நேர்மையான கடைக்காரர் வாங்கமாட்டார். பொறுமையுள்ள எவரேனும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் சுத்தியல் போன்ற கருவியின் தலைக்குள் பொருத்தித் தரையில் தட்டிக் குண்டைக் கழற்றுவார். ஈயத்தை உருக்கப் போடுவார், கூட்டை வைத்துக்கொள்வார். மருந்தின் பெயர் அறிய வழியில்லாததால் அதை மட்டும் தோட்டத்துப் புல்லின்மேல் மெல்லியதாகத் தூவிவிடுவார்.